முகம் பார்க்கும் வாரியம்

படங்களைப் பார்க்காமலேயே அவற்றுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஒரு வாரியம் இருந்தது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நிறைய யோசித்துத்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

ஆரம்பத்தில் வாரிய உறுப்பினர்களும் ஊரில் உள்ள மற்றவர்களைப் போலத் திரையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்களாம். கோரப் படங்கள் வரத் தொடங்கியபோதுதான் வில்லங்கம் பிடித்தது. கழுத்தை அறுப்பதும் தோலை உரிப்பதுமான படத்தைப் பார்த்தால் மனம் கெடும். மனம் கெட்டவர் நல்லது கெட்டது சொல்லத் தகுதியில்லாதவர். பார்க்காதவருக்கோ சொல்ல ஒன்றுமில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க வாரியம் கூட்டம் மேல் கூட்டம் போட்டுத் தேநீர் குடித்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது. எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண ஆளைப் பிடித்துத் திரைக்கு எதிரே உட்கார வைப்பது. உறுப்பினர்கள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஆளுக்கு எதிரே உட்காருவது. அவர் படத்தைப் பார்ப்பார், இவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கெட்டால் அவர் மனம்தானே கெடும்.

அந்த ஆளுக்குச் சராசரி என்று பதவிப் பெயர். சராசரி நடுங்கினால் படத்துக்குப் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை. வாய்விட்டு அலறினால், அந்த நேரத்தில் திரையில் ஓடியது எதுவோ அது வெட்டப்படும். 'சராசரியின் முகம் பொய் சொல்லாது' என்று கல்லில் பொறித்து வாசலிலேயே பதித்திருந்தார்கள். இப்போதைய தலைவர் பதவிக்கு வந்ததும் ஒரு சீர்திருத்தமும் செய்தார். எந்தப் படம் ஓடினாலும், அது வாரியக் கூடத்துச் சோதனைக்கு வந்த படமானாலும், முதலில் வாரியத்தின் சான்றிதழ் திரையில் வரவேண்டும், அதில் கையெழுத்துக்குப் பக்கத்தில் தலைவரின் படமும் இருக்கவேண்டும். படத்தில் தலைவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

முன்பு இருந்த சராசரி பழகிப்போய்விட்டார். தலை உருளும் காட்சியில் கடலை கொறிக்க ஆரம்பித்தார். ஒருநாள் குடல் சரியும் இடத்தில் கொட்டாவி விட்டார். அந்தப் படம் குழந்தைகளும் பார்க்கலாம் என்ற முத்திரையோடு வெளியாகி ஊரே அமளிதுமளியானது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னும் மரத்துப்போகாத ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நம் மெத்தைக்காரர் மாட்டினார்.

அவர் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளர். தெருவில் அவருக்குத் திடுக்கு என்று பட்டப்பெயர். குக்கர் விசில் அடித்தால் தூக்கிவாரிப்போடும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் கையிலிருப்பது கீழே விழும். சமயத்தில் தன் தும்மலுக்கே பதறுவார். ஆனால் கத்துகிற ரகம் இல்லை. உடம்பு ஒரு முறை குலுங்கும், கண் அகலும், தொண்டை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிறவியிலேயே அப்படி இல்லை, அவருடைய அண்ணன் போனதிலிருந்துதான் என்று அவர் மனைவி சொல்வாள், அதுவும் அவர் இல்லாத இடத்தில்.

தலைவருக்கு இடுப்பு வலி. கெட்டி மெத்தை ஒன்று வாங்க வாரியத்தின் உதவியாளர் கடைக்கு வந்தார். மெத்தையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது எங்கோ காற்று மாட்டி டப்பென்று வெடித்தது. மெத்தைக்காரர் நின்ற இடத்திலிருந்து எம்பி அந்த மெத்தை மேலேயே போய் உட்கார்ந்துவிட்டார். உதவியாளர் மெத்தையை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்கப் போனவருக்குப் பிடித்துப்போன மாதிரி ஒரு பார்வை அது.

இரண்டு நாளில் ஆணை வந்தது. மறுக்க வழியில்லாத ஆணை. கடை முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. 'வாரியத்தின் சராசரி பணிபுரியும் கடை' என்று வாசலில் எழுதி மாட்டினார். மெத்தைக்காரர் மட்டும் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் உங்க பயத்தைப் பார்த்து ஊரே சிரிச்சுது. இப்போதான் அதுக்கு ஒரு மரியாதை வந்திருக்கு."

முதல் நாள் வாரியக் கூடத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. தலைவர் எழுந்து வந்து கைகொடுத்தார். ஒழுக்கவியல் பேராசிரியர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். மூன்றாவது உறுப்பினரான பல் டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தார். அலறலா இல்லையா என்பதில் முன்பு ஒரு வழக்கு வந்துவிட்டதாம். அதிலிருந்து வாய் எவ்வளவு திறக்கிறது என்று தீர்மானிக்கவே ஒரு பல் டாக்டரை உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். தாடை நல்ல தாடை என்று அவர் சான்று கொடுத்தார்.

தலைவர் ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். சிறிய உரை என்று அவர்தான் சொன்னார்.

"சராசரி அவர்களே, எங்க மூணு பேரையும் பாருங்க. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு ரத்தம் நாங்க பார்த்தது கிடையாது. இந்தக் கண்ணு சுத்தமான கண்ணு. ரத்தம் பார்க்கிறவனைப் பார்க்கிறதுதான் எங்க வேலை. அதைப் பார்க்கப் பார்க்க எங்களுக்குச் சமுதாயத்து மேல உள்ள அக்கறை கூடிக்கிட்டேதான் போகுது. ஒருநாள் பார்க்கலைன்னாலும் கை நடுங்குது."

உதவியாளர் கைதட்டினார். விளக்கை அணைத்தார்கள். மெத்தைக்காரர் முகத்தில் மட்டும் ஒரு பெரிய விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் எதிரே இருப்பவர்கள் தெரியவில்லை. அவர்கள் தலைக்கு மேலே திரை தெரிந்தது, அவர்களுடைய குரல் கேட்டது.

அன்றைய படத்தில் ஒரு தச்சன் ரம்பத்தை வைத்துக்கொண்டு மரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அறுத்தான். மெத்தைக்காரர் கண்ணை மூடினார். கண்ணை மூடக்கூடாது என்று இருட்டிலிருந்து பேராசிரியர் சொன்னார். திறந்தார். உடம்பு குலுங்கியது, வேர்த்தது, நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இருட்டில் யாரோ சுகமாக மூச்சு விட்டார்கள்.

"அந்த இடம் இன்னொரு தடவை போடுங்க" என்றார் பேராசிரியர். "நான் தேநீர் எடுக்கத் திரும்பிட்டேன்."

மறுபடி போட்டார்கள். மெத்தைக்காரர் மறுபடி குலுங்கினார். இப்போது பல் டாக்டருக்குத் திருப்தியில்லை. உதடு பிரிந்தது, வாய் திறக்கவில்லை என்றார். மூன்றாம் முறையும் போட்டார்கள். வாய் திறக்கவில்லை. படத்துக்கு முத்திரை குத்தி அனுப்பினார்கள். ரம்பம் ஒரு பல்லுகூட வெட்டுப்படாமல் தப்பித்தது.

இப்படியே படம் மேல் படம். மெத்தைக்காரர் நடுங்கினாரே தவிர அலறவில்லை. அதனால் எதுவும் வெட்டப்படவும் இல்லை. இது வாரியத்துக்கு மெல்ல மெல்லக் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. வெட்டாத வாரியம் என்று வெளியே பேச்சு வந்தால் என்ன ஆவது. அவருடைய பயம் பழசாகிவிடக்கூடாது என்று உதவியாளருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மெத்தைக்காரர் எதிர்பாராத நேரத்தில் பின்னால் போய்க் காகிதப் பையை ஊதி வெடிக்க வேண்டும். பயத்துக்குச் சாணை பிடிப்பது என்று அதற்குப் பெயர். உதவியாளர் நல்ல மனிதர். "மன்னிச்சுக்கோங்க சார், மேலிடத்து உத்தரவு" என்று சொல்லிவிட்டுத்தான் வெடிப்பார். ஆனால் வெடித்த பிறகுதான் சொல்வார்.

கடையில் வெடித்தார். பேருந்து நிறுத்தத்தில் வெடித்தார். ஒருநாள் முடிவெட்டும் கடையில் வெடித்து மெத்தைக்காரரின் காதில் கத்திரி பட்டது. அன்று காதில் கட்டோடு வந்தவரைப் பார்த்துத் தலைவர் மிகவும் வருந்தினார். கட்டு முகத்தில் பாதியை மறைக்கிறதே என்றுதான் வருத்தம்.

மெத்தைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. "இந்த மெத்தையில படுத்தா நல்லா தூக்கம் வருமா?" என்று கேட்கிற வாடிக்கையாளர் அவர் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திராமல் வெளியேறிவிடுவார். முதலாளி வாசலில் மாட்டியிருந்த பலகையைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

வாரியத்திலோ நேர்மாறு. கூட்டம் கூடிக்கொண்டே போனது. தலைவரின் மாமியார் ஒருநாள் சும்மா பார்க்க வந்தார், மறுநாள் தங்கையையும் அழைத்து வந்தார். பேராசிரியர் தன் மாணவர்களைக் கூட்டி வந்தார். எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார்கள், ஒழுக்கம் தவறவில்லை. இடைவேளையில் அவர்கள் பேசிக்கொள்வது மெத்தைக்காரர் காதில் விழும். போன வாரம் நடுக்கம் இன்னும் இயல்பாக இருந்தது, இந்த வாரம் கொஞ்சம் மிகை என்பார் ஒருவர். வேர்வையில் ஆழம் இருக்கிறது, ஆனால் கண்ணில் புதுமை இல்லை என்பார் பேராசிரியர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் ஆட்டைக் குளிப்பாட்டிவிட்டு அல்லவா அழுதது.

அப்போதுதான் ஒரு பெண் இயக்குநரின் படம் வந்தது.

அது எல்லாப் படத்தையும் விட மோசமான படம் என்று பெயர் வாங்கியிருந்தது. உண்மையிலேயே மோசம்தான். ஒரு வீட்டுக்குள் ஏதோ ஒன்று நுழைகிறது. அது என்னவென்று கடைசிவரை காட்டுவதில்லை, அது செய்வதை மட்டும் காட்டுகிறார்கள். மெத்தைக்காரருக்கு உடம்பெல்லாம் ஆடிப்போயிற்று. இருட்டில் நாற்காலிகள் முன்னால் நகரும் சத்தம் கேட்டது. அலறப்போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்தார்.

பிறகு அந்தப் படத்தில் விடிந்தது. அது போய்விட்டது. தரையில் தம்பி கிடக்கிறான், முகம் முகமாக இல்லை. அக்கா ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் துணியும் கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிறாள். துடைக்கிறாள். இசை இல்லை, துணி பிழியும் சத்தம் மட்டும். அவள் கண்ணைத் திருப்பவில்லை, கேமராவும் திரும்பவில்லை. துடைத்துத் துடைத்துப் புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பைக் கண்டுபிடிக்கிறாள், சின்ன வயதில் சைக்கிளில் இருந்து இரண்டு பேருமாக விழுந்தபோது பட்டது. அதில் விரலை வைத்து "நீதான்" என்கிறாள். வேறு எதுவும் சொல்வதில்லை.

மெத்தைக்காரருடைய அண்ணன் தொழிற்சாலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்தவர். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒருவர் வந்து, முகத்தைப் பார்க்கிறதானால் பாருங்கள், பார்க்காமலிருப்பது நல்லது என்றார். அண்ணி கதவைத் திறந்து உள்ளே போனாள். இவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் எந்தச் சத்தம் கேட்டாலும் அந்தக் கதவு திறக்கிற மாதிரியே இருக்கும். இன்று கதவு திறந்தது. உள்ளே இருந்தது அண்ணன்தான். கோரம்தான், ஆனால் அண்ணன்.

அவர் அழுதார். அடக்கவில்லை, அடக்கத் தோன்றவும் இல்லை. கண்ணீர் கன்னத்தில் ஓடியது, முகம் ஒரு மாதிரி இளகி அமைதியானது. உடம்பு நடுங்கவில்லை.

கூடத்தில் குழப்பம். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். பல் டாக்டர் எழுந்து வந்து அவர் கன்னத்தைத் தொட்டு ஈரத்தைப் பார்த்தார்.

"பல்வலியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப இது என்ன?"

வாரியத்தின் விதிகளில் நடுக்கம் இருந்தது, அலறல் இருந்தது. சபலத்துக்குக்கூட ஒரு பத்தி இருந்தது. அழுகை இல்லை. பேய்ப் படத்துக்கு வந்தவன் எதற்கு அழுகிறான்? பேராசிரியர் எழுந்து நின்று தன் வாழ்நாளின் சிறந்த உரையை ஆற்றினார்.

"பயம் நமக்குத் தெரிஞ்ச விஷயம். மனுஷன் பயந்தான்னா வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவான். சமுதாயத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. அருவருப்பு வந்தா ஒருவேளை சாப்பாடு இறங்காது, அது உடம்புக்கு நல்லதுதான். ஆனா இந்தக் காட்சியைப் பார்த்தவர் எதையோ நினைச்சுக்கிட்டார். என்ன நினைச்சார்னு நமக்குத் தெரியாது. தெரியாததை எப்படி முத்திரை குத்தி வெளிய விடறது?"

மெத்தைக்காரர் எழுந்தார். அந்தக் காட்சி நல்ல காட்சி என்றும், தனக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, நல்லதுதான் நடந்தது என்றும் சொல்ல வாயெடுத்தார். தலைவர் அன்போடு அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். சராசரிக்கு முகம்தான் உண்டு, கருத்து கிடையாது என்று விளக்கினார். கருத்து வந்துவிட்டால் அவர் சராசரி இல்லையே.

தீர்ப்பு எழுதப்பட்டது. அறுத்தது, கிழித்தது, கடித்தது எல்லாம் இருக்கலாம். அக்கா தம்பியின் முகம் துடைப்பதை வெட்டவேண்டும். காரணம், இனம் தெரியாத பாதிப்பு.

மாடிப்படியில் அந்த இயக்குநர் பெண் உட்கார்ந்திருந்தாள். கலைந்த தலை, கையில் ஆறிப்போன தேநீர். இவ்வளவு பயங்கரத்தை எடுத்தவள் பற்களும் நகமுமாக இருப்பாள் என்று மெத்தைக்காரர் நினைத்திருந்தார். பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்ட டீச்சர் மாதிரி இருந்தாள். கருவளையத்தையும் சிவந்த கண்ணையும் பார்த்து அவர் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கே அழுதீர்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார். அண்ணனைப் பற்றியும் சொன்னார். அதை வெளியாள் ஒருவரிடம் சொல்வது அதுவே முதல் தடவை.

அவள் ஆறிப்போன தேநீரைப் படியில் வைத்தாள்.

"அந்த ஒரு இடத்துக்குப் போறதுக்குத்தான் சார் மத்த எல்லாத்தையும் எடுத்தேன்."

"அதுக்கு இவ்வளவு கோரம் வேணுமாம்மா?" அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கொஞ்சம் அதிகம்தான். சில இடத்துல நானே எனக்கு வித்தை காட்டியிருக்கேன். அதை வெட்டுன்னா கேள்வி கேக்காம வெட்டுவேன். ஆனா மூடி வெச்ச முகத்தைக் காட்டிட்டு 'பார், உன் ஆளுதான்'னு சொன்னா யாருக்கும் ஒட்டாது. முதல்ல பார்க்கவே முடியாதுன்னு தோணணும்."

மெத்தைக்காரருக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. செத்தவனாகப் படுத்திருந்த பையன், அவ்வளவு சாயமும் சேறுமாக, பாவம், என்ன ஆனான்? அவனுக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி கவனிப்பு என்றாள் அவள். ஒவ்வொரு முறையும் படமெடுப்பதற்கு முன்னால் 'உனக்குச் சம்மதமா, நிறுத்தலாமா' என்று கேட்பார்களாம். முடிந்ததும் குளிக்க வெந்நீர் தயாராக இருக்குமாம். ஒருநாள் வேண்டாம் என்று சொன்னான், அன்று எடுக்கவில்லை.

"உங்ககிட்ட அப்படி யாராவது கேட்டாங்களா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

மெத்தைக்காரர் யோசித்துப் பார்த்தார். கேட்கவில்லை. தாடையைப் பார்த்தார்கள், வேர்வையைப் பார்த்தார்கள். இதைக் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் அவருக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் பயம் மட்டுமே குடியிருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்ததும் அவருக்கே அது புதிதாக இருந்தது.

வெட்டுக்கு எதிராக மறுபார்வை கேட்கலாம் என்று விதி இருந்தது. அவள் கேட்டாள். வேறு சராசரி இல்லாததால் மறுபார்வைக்கும் இதே சராசரிதான். இந்த முறை அந்தக் காட்சியில் முகம் அசையாமலிருந்தால் காட்சி பிழைக்கும். மெத்தைக்காரர் வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார். மனைவி எதிரே உட்கார்ந்து உதவி செய்தாள்.

"அண்ணனை நினைச்சுக்கோங்க" என்பாள். அவர் உதடு துடிக்கும். "இப்படி இருந்தா வெட்டிருவாங்க. முகத்தை அரிசி மூட்டை மாதிரி வெச்சுக்கோங்க."

எவ்வளவு முயன்றாலும் மூட்டை அவிழ்ந்துகொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே நின்று அண்ணனை ஒருதரம் கைவிட்டாயிற்று, இன்னொரு தரமும் தன் முகத்தாலேயே அவரை வெட்டி எறியக் கொடுக்கப் போகிறோமே என்று அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்தார்.

மறுபார்வை நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. சராசரி அழுகிறாராம் என்று செய்தி பரவிவிட்டது. தலைவரின் மாமியார் கைக்குட்டையோடு முதல் வரிசையில் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் தலைவரின் பேரக்குழந்தைகளுக்குக்கூட இடம் போட்டிருந்தார்கள். திரையைப் பார்க்காதவரை குழந்தைகளுக்குத் தடையில்லை. இயக்குநர் பெண்ணுக்கு உள்ளே அனுமதி இல்லை, கதவருகே நின்றாள்.

கூடத்து விளக்கை அணைத்தார்கள். மெத்தைக்காரர் முகத்து விளக்கைப் போட்டார்கள். அது டப்பென்று வெடித்து அணைந்தது. எல்லோரும் அவர் குலுங்குவார் என்று பார்த்தார்கள். அவர் குலுங்கவில்லை, கோபத்தில் இருப்பவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. மாற்று விளக்கு இல்லை. வந்தவர்களை ஏமாற்றி அனுப்பவும் முடியாது. கூடத்து விளக்கையே எரியவிட்டுப் படத்தைப் போடச் சொன்னார் தலைவர்.

திரையில் சான்றிதழ் வந்தது. அதில் தலைவர் சிரித்தார். அதற்குக் கீழே, உயிருள்ள தலைவரும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மெத்தைக்காரர் முதல் முறையாக அவர்களைப் பார்த்தார்.

அத்தனை பேரும் நாற்காலி நுனியில் இருந்தார்கள். அத்தனை கண்ணும் அவர்மேல். யாரும் இமைக்கவில்லை. தலைவரின் வாய் பாதி திறந்து கீழுதடு ஈரமாக இருந்தது. பேராசிரியர் தேநீரை வாயருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தியிருந்தார். மாமியார் அழத் தயாராகக் கைக்குட்டையைக் கண்ணுக்குக் கீழே பிடித்திருந்தார், அதற்கு மேலே கண் பளபளத்தது. பல் டாக்டர் தன் வாயைத் தானே மெல்லத் திறந்து காட்டினார், குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் ஆ காட்டுவது போல. இத்தனை மாதமாக வெளிச்சத்துக்குப் பின்னால் தன்னோடு இருந்தது இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் படத்தில் வீட்டுக்குள் நுழைந்ததே, கடைசிவரை காட்டாத ஒன்று, அதற்கு முகம் இருந்தால் இப்படித்தான் இருக்கும்.

தொண்டை திறந்துகொண்டது. மெத்தைக்காரர் அலறினார். தெருவில் போனவர்கள் நின்றார்கள், மேல்மாடியில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வாய் எவ்வளவு திறந்தது என்பதில் பல் டாக்டருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அண்ணன் போன நாளிலிருந்து உள்ளே கிடந்தது முழுக்க வெளியே வந்து ஓய்ந்தபோது, கூடமே எழுந்து நின்றது. பிறகு கைதட்டல்.

"இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம்" என்றார் தலைவர் தழுதழுத்த குரலில். "எழுதிக்கோங்க. முழு அலறல். உடனே வெட்டு. அப்ப என்ன ஓடிச்சு?"

உதவியாளர் பேனாவைக் கீழே வைத்தார். திரையைக் காட்டினார். வாரிய வரலாற்றில் அன்றுதான் எல்லோரும் ஒன்றாகத் திரும்பித் திரையைப் பார்த்தார்கள். அங்கே தலைவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததுதான் நிர்வாகத் திறமை. இது விபத்து என்றார் தலைவர். சராசரியின் முகம் பொய் சொல்லாது என்று வாசலில் கல் இருக்கிறதே என்றார் பேராசிரியர், அவருக்குத் தலைவர் பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். இன்று பொய் என்று சொன்னால் இதுவரை கொடுத்த தீர்ப்பெல்லாம் பொய்யாகும் என்றார். வெட்டித்தான் ஆகவேண்டும். சான்றிதழை வெட்டினால் படத்துக்குச் சான்றிதழ் ஏது? புகைப்படத்தை மட்டும் வெட்டலாமா? சிரிப்பை மட்டும்? அலறல் கையெழுத்தைப் பார்த்தா, சிரிப்பைப் பார்த்தா என்று எப்படிப் பிரிப்பது? வாக்குவாதம் முற்றி உறுப்பினர்கள் பக்கத்து அறைக்குப் போனார்கள். சுவாரசியம் எங்கே போகிறதோ அங்கே கூட்டமும் போனது, மாமியார் கைக்குட்டையோடு முன்னால் ஓடினார்.

படத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

காலியான நாற்காலிகளுக்கு எதிரே மெத்தைக்காரர் தனியாக உட்கார்ந்து பார்த்தார். வீட்டுக்குள் அது நுழைந்தது, பயமாகத்தான் இருந்தது, ஆனால் படத்துக்குப் பயப்படுகிற பயம். பிறகு விடிந்தது. வெந்நீர் வந்தது. அக்கா துடைக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தை எதுவாகவும் வைத்துக்கொள்ளவில்லை. வேண்டிய மட்டும் அழுதார். கதவருகே நின்ற பெண் மட்டும் பார்த்தாள், பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மரியாதை அவளுக்குத் தெரிந்திருந்தது.

உறுப்பினர்கள் திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. மீதிப் படத்தில் சராசரியின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. பார்க்காததை வெட்ட முடியாது. அதனால் தீர்ப்பு இப்படி அமைந்தது. படத்தில் ஆட்சேபத்துக்குரிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது வாரியத்தின் சான்றிதழ். அதை நீக்கிவிட்டு மற்றதை முழுமையாகத் திரையிடலாம். பெரியவர்களுக்கு மட்டும்.

மெத்தைக்காரரைப் பதவியிலிருந்து விடுவித்தார்கள். புதிதாக வரும் சராசரிக்கு இனி ஒரு விளக்குக்குப் பதில் இரண்டு விளக்கு வைப்பது என்றும் தீர்மானித்தார்கள், எதிரே இருப்பது எக்காரணம் கொண்டும் தெரியக்கூடாது. கடைசியாக ஒருமுறை உதவியாளர் படியருகே அவர் பின்னால் வந்து காகிதப் பையை வெடித்தார், உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. மெத்தைக்காரர் லேசாகத் திடுக்கிட்டார். பிறகு திரும்பி, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார். உதவியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேலையில் அவரை யாரும் அப்படி விசாரித்ததில்லை.

படம் வெளியான அன்று மெத்தைக்காரர் மனைவியோடு தியேட்டருக்குப் போனார். அண்ணியையும் வரச் சொல்லிக் கேட்டார்கள். "நான்தான் அன்னைக்கே பார்த்துட்டேனே" என்று அவள் வரவில்லை. "நீ பாரு" என்று மட்டும் சொன்னாள்.

சான்றிதழ் இல்லாமல் படம் நேராக ஆரம்பித்தது. பாதியில் சிலர் எழுந்து போனார்கள், ஒருவர் தூ என்று துப்பிவிட்டே போனார். மனைவி பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. துணி பிழியும் சத்தம் கேட்டதும் மெத்தைக்காரர் அவள் கையைத் தொட்டு, இப்போது பார் என்றார். அவள் பார்த்தாள். அக்கா தழும்பில் விரலை வைத்தபோது பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், அப்புறம் இன்னொருவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.